ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2: வசூலுக்குப் போனவனின் கதை

இந்த விளையாட்டைத் தொடங்கி ஒரு மணிநேரம் ஆவதற்குள் என் தம்பி கன்ட்ரோலரை என் மடியில் போட்டுவிட்டு எழுந்துவிட்டான். திரையில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. முழங்கால் வரை புதையும் பனியில் ஒரு கூட்டம் வண்டிகளையும் காயம்பட்டவர்களையும் பட்டினியையும் இழுத்துக்கொண்டு மலையேறிக்கொண்டிருந்தது. சுடுவதற்கு எதிரே ஆளில்லை. ஓட நினைத்தாலும் கால் எழவில்லை. "பனியப் பாக்கிறதுக்கா அண்ணே இவ்வளவு சல்லி குடுத்து மெஷின் வாங்குனோம்? கதவத் தொறந்தா வாசல்ல நிக்குது" என்றான். இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அது ஜூலை மாதம். தென்மேற்குப் பருவக்காற்று, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக் கூரைத் தகரங்களை உலுக்கிக்கொண்டிருந்த நேரம் என்பதால் அவன் சொன்னதில் பிழையொன்றும் இல்லை. ஆனாலும் அன்றிலிருந்து ஏறத்தாழ நான்கு மாதங்கள், வேலை முடிந்து வந்த இரவுகளிலும் பௌர்ணமிப் போயா விடுமுறைகளிலும், விடாமல் விளையாடி முடித்தேன். தம்பி இன்றுவரை தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை, நானும் மாற்றிக்கொள்ளவில்லை. எங்கள் இருவரின் வழக்கும், நடுவில் அக்கா மகளும் அம்மாவும் சொன்ன சாட்சியங்களும் சேர்ந்ததுதான் இந்த மதிப்புரை.

ராக்ஸ்டார் கேம்ஸ் நிறுவனம் இதை 2018 ஒக்டோபர் 26ஆம் திகதி பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பொக்ஸ் வன் ஆகியவற்றுக்கும், அடுத்த ஆண்டு நவம்பரில் கணினிக்கும் வெளியிட்டது. 2010இல் வந்த ரெட் டெட் ரிடெம்ப்ஷனுக்கு இது முற்கதை. முந்தியதை விளையாடாதவர்களும் தயங்காமல் இதிலிருந்தே தொடங்கலாம். காலம் 1899. டச் வான் டெர் லிண்ட் என்பவன் நடத்தும் கொள்ளைக் கூட்டம் பிளாக்வோட்டர் என்ற நகரில் ஒரு கொள்ளை பிசகியதால் மலைக்குத் தப்பி ஓடுகிறது. அவன் சிறு வயதிலிருந்து வளர்த்த ஆர்தர் மோர்கன்தான் நாம் இயக்கும் மனிதன். ஆறு அத்தியாயங்களும் இரண்டு பகுதிகளாக அமைந்த ஒரு பின்கதையும் உண்டு. கதையை மட்டும் பிடித்துக்கொண்டு போனாலும் சுமார் 50 மணிநேரம் பிடிக்கும். அதே 1899இல் எங்கள் மலைகளில் ரயில் பண்டாரவளை வரை வந்துவிட்டிருந்தது. பதுளைக்குப் போய்ச் சேர இன்னும் 25 ஆண்டுகள் இருந்தன. விளையாட்டில் ரயிலை மறித்துக் கொள்ளையடிக்கும் காட்சிகள் விறுவிறுப்பானவை என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எங்கள் பாதையில் ஓடும் ரயிலுக்குக் குதிரைகூடத் தேவைப்படாது, நடந்தே போய் ஏறிவிடலாம் என்பதால் எனக்கு அவை அவ்வளவு வியப்பைத் தரவில்லை.

கதையின் முக்கியமான திருப்பத்தைத் தொடாமல் இந்த விளையாட்டைப் பற்றி உருப்படியாக எதையும் எழுத முடியாது. ஆகவே அது தெரியாமலே விளையாட விரும்புவோர், கடன் வசூலைப் பற்றிய பகுதி வந்ததும் வாசிப்பை நிறுத்திக்கொள்வது நல்லது.

முதலில் தம்பியின் குற்றச்சாட்டை எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் இந்த விளையாட்டைப் பாதியில் கைவிட்ட பெரும்பாலோர் சொல்வதும் அதுவே: எல்லாம் மெதுவாக நடக்கிறது. ஒரு மானைச் சுட்டால் அதன் தோலை உரிப்பதை முழுவதும் பார்க்க வேண்டும். பிறகு அதைத் தோளில் சுமந்து போய்க் குதிரையின் முதுகில் கிடத்த வேண்டும். அலமாரியில் இருக்கும் ஒவ்வொரு டப்பாவையும் ஆர்தர் கையை நீட்டித் தனித்தனியாக எடுக்கிறான். கூட்டத்தின் முகாமுக்குள் நுழைந்துவிட்டால் ஓடவும் முடியாது. நடந்துதான் ஆக வேண்டும். குதிரைக்குத் தீனி கொடுக்க வேண்டும், அதன் உடலைத் தேய்த்துச் சேறு போக்க வேண்டும், பயந்தால் கழுத்தைத் தட்டிச் சமாதானப்படுத்த வேண்டும். கவனிக்காமல் விட்டால் அது தளர்ந்துபோகிறது. குண்டடிபட்டுச் செத்தால் செத்ததுதான், அதே குதிரை திரும்பி வருவதில்லை. நுவரெலியா வாவிக்கரையில் சுற்றுலாப் பயணிகளைச் சுமந்து சுமந்து, மாலையில் கடிவாளத்தோடு றோட்டோரம் தலைகுனிந்து நிற்கும் குதிரைகளைச் சிறுவயதிலிருந்து பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு குதிரைக்கு மனிதன் என்னென்ன செய்ய வேண்டும் என்பதை யோசிக்க வைத்தது இந்த விளையாட்டுதான் என்று சொல்லக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

தம்பி இதற்கு எதிராக வைக்கும் உதாரணம், அதே 2018இல் வந்த கோட் ஒப் வோர். தகப்பனும் மகனும் இறந்துபோன தாயின் சாம்பலை மிக உயர்ந்த மலையுச்சியில் தூவுவதற்காகப் புறப்படும் அந்தக் கதை, கமெராவை எங்கும் வெட்டாமல் ஒரே நீண்ட காட்சியாகப் போகிறது. சண்டையும் பேச்சும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே முன்னேறுகின்றன. அந்த ஆண்டின் தி கேம் அவார்ட்ஸ் விழாவில் சிறந்த கதைக்கான விருதும், ஆர்தருக்குக் குரல் கொடுத்த ரொஜர் கிளார்க்குக்குச் சிறந்த நடிப்புக்கான விருதும் ரெட் டெட்டுக்குப் போனாலும், ஆண்டின் சிறந்த விளையாட்டு என்ற பெரிய விருது கோட் ஒப் வோருக்கே கிடைத்தது. தம்பி இதைத் தீர்ப்பு நகல் போலக் கையில் வைத்துக்கொண்டு திரிகிறான். கட்டுக்கோப்பில் அவன் விளையாட்டே மேலானது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கோட் ஒப் வோரில் எனக்கு இருவரைத் தெரியும். ரெட் டெட்டில் இருபதுக்கும் மேற்பட்டவர்களைத் தெரியும். இரவில் முகாமின் தீயருகே யார் குடித்துவிட்டு அழுவார்கள், யார் வேலைக்குக் கள்ளமடிப்பார்கள், சமையல்காரன் பியர்சனின் கூழை யார் திட்டிக்கொண்டே இரண்டாம் முறை வாங்குவார்கள் என்பதெல்லாம் தெரியும். லயத்து வாசற்படியில் உட்கார்ந்து வளர்ந்த எவருக்கும் இந்த அறிவு எப்படிச் சேர்கிறது என்பது விளங்கும். யாரும் நம்மை உட்காரவைத்துக் கதை சொல்வதில்லை, போகிற வருகிற வழியில் காதில் விழுந்து சேர்வதுதான். முகாமில் ஓட முடியாது என்ற கட்டுப்பாடு, அந்தப் பேச்சு நம் காதில் விழ வேண்டும் என்பதற்காகவே வைக்கப்பட்டது.

இனிக் கடன் வசூலுக்கு வருகிறேன்.

கூட்டத்தில் ஸ்ட்ராஸ் என்றொரு கணக்கன் இருக்கிறான். சண்டைக்குப் போகாதவன், குரலை உயர்த்தாதவன், கண்ணாடி போட்டவன். ஏழைகளுக்கு வட்டிக்குப் பணம் கொடுப்பது அவன் தொழில். திருப்பித் தராதவர்களிடம் போய் வாங்கி வருவது ஆர்தரின் வேலை. இரண்டாம் அத்தியாயத்தில், வலன்டைன் என்ற ஆட்டுச் சந்தை நகரைச் சுற்றி இந்த வசூல்கள் நடக்கின்றன. பல விளையாட்டாளர்கள் இவற்றைப் பெரிய கொள்ளைகளுக்கு நடுவே வரும் சில்லறை வேலைகளாகவே கருதி வேகமாக முடித்துவிட்டுப் போகிறார்கள். நானோ முதல் வசூலிலேயே கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டேன். கடனாளி ரோபெல் என்றொரு போலந்துக்காரன். ஆங்கிலம் சரியாக வராதவன். தன்னிடம் எதுவும் இல்லை என்று அரைகுறை மொழியில் கெஞ்சுகிறான். நாம் அவன் கண் முன்னாலேயே வீட்டுக்குள் புகுந்து, இழுப்பறைகளைத் திறந்து, பெறுமதியான பொருட்களைத் தேடி எடுக்க வேண்டும். இன்னொரு வசூலில், பணிப்பெண் ஒருத்தியின் கடனை அவள் காதலனிடமிருந்து அடித்துப் பிடுங்க வேண்டியிருக்கிறது.

மலையகத்தில் பிறந்தவனுக்கு இது எங்கோ நடந்த கௌபோய் கதையாகத் தோன்ற முடியாது. ஆர்தர் அந்த வீட்டுக்குள் நுழைந்த அதே 1899இல் இங்கே துண்டு முறை நடைமுறையில் இருந்தது. ஒரு தொழிலாளி கங்காணியிடம் வாங்கிய முற்பணமும் கடனும் எவ்வளவு என்று எழுதிய துண்டைப் பெற்று, அந்தத் தொகையைக் கட்ட இணங்கும் வேறொரு துரை கிடைத்தால் மட்டுமே அவன் தோட்டம் மாற முடியும். ஆளோடு கடனும் கைமாறும். 1921இல்தான் சட்டம் அதை ஒழித்தது. துண்டு போனாலும் வசூல்காரர் போகவில்லை. இன்று வாரத்தில் ஒரு நாள் மோட்டார் சைக்கிளில் வந்து, குழுவாகக் கடன் எடுத்த பெண்களை ஒரு வாசலில் உட்காரவைத்து, ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் எழுந்து போகக்கூடாது என்று காத்திருக்கும் ஆட்களை எங்கள் லயத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். வாசிக்கத் தெரியாத மொழியில் கையெழுத்துப் போட்டவர்களையும் தெரியும். ரோபெலின் இழுப்பறையைத் திறக்கும்போது எனக்கு எந்தப் பக்கத்தில் நிற்கிறேன் என்பது நன்றாகத் தெரிந்தது. அது எனக்குப் பழக்கமில்லாத பக்கம்.

இன்னொரு கடனாளி தோமஸ் டவுன்ஸ். இவனை நாம் ஏற்கெனவே பார்த்திருக்கிறோம். மதுக்கடைச் சண்டையில் ஆர்தர் ஒருவனைச் சேற்றில் போட்டு அடிக்கும்போது, போதும் விட்டுவிடு என்று குறுக்கே வந்து தடுத்தவன் அவன்தான். இப்போது தன் காணியில் கொத்திக்கொண்டிருக்கிறான், இருமிக்கொண்டிருக்கிறான். மனைவியும் மகனும் பார்த்துக்கொண்டிருக்க அவனை வேலியோடு சாய்த்து அடிக்க வேண்டும். அன்று அடுப்படியில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்த அம்மா, முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர், இந்தத் திரையை ஒருபோதும் கவனித்தவரல்லர். இருமல் சத்தம் கேட்டுத்தான் தலையை நிமிர்த்தினார். "அந்த ஆளு இருமுறதப் பாத்தியா? அது நல்ல இருமல் இல்ல தம்பி. நீ கொஞ்சம் தள்ளி நின்னு அடி" என்றார். நான் சிரித்தேன். அடுத்த கணம் டவுன்ஸ் இருமிய இரத்தம் ஆர்தரின் முகத்தில் தெறித்தது. ஆர்தர் அதைத் துடைத்துக்கொண்டு போய்விடுகிறான். விளையாட்டும் அதைப் பற்றி மேற்கொண்டு ஒன்றும் பேசவில்லை. முப்பது மணிநேரத்துக்குப் பிறகு, செயின்ட் டெனிஸ் என்ற பெருநகரத்தின் தெருவில் ஆர்தர் சுருண்டு விழுந்து, மருத்துவர் அவனுக்குக் காசநோய் என்று சொல்லும்போதுதான் அம்மாவின் சொல் எனக்கு நினைவுக்கு வந்தது. இரண்டாம் அத்தியாயத்திலேயே அவர் நோயைக் கண்டுபிடித்திருந்தார்.

கதை எழுதியவர்களின் துணிவை நான் இங்கேதான் மெச்சுகிறேன். ஒரு கொள்ளைக்காரனைக் கொல்ல அவர்களிடம் ஆயிரம் துப்பாக்கிகள் இருந்தன. ஆனால் அவனைக் கொல்வது சொற்பக் கடனொன்றை வாங்கப் போன இடத்தில் ஒட்டிக்கொண்ட கிருமி. அந்தக் கிருமியை ரொபர்ட் கொக் 1882இலேயே கண்டுபிடித்திருந்தார். அதைக் கொல்லும் முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசினுக்கு 1943 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆர்தர் அந்த இரண்டு ஆண்டுகளுக்கும் இடையில் மாட்டிக்கொண்டவன். வெப்பமான, உலர்ந்த இடத்துக்குப் போ என்பதைத் தவிர மருத்துவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. இன்று ஆறு மாதம் ஒழுங்காக மாத்திரை எடுத்தால் குணமாகும் நோய், அதுவும் அரசாங்க மார்புநோய் நிலையங்களில் இலவசமாக. ஆனால் பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவில் ஏழு பேர் படுத்துறங்கிய காலத்தில் அம்மாவின் பெரியப்பா சயரோகத்தில்தான் போனார். அந்த இருமலின் ஓசையை அம்மா எழுபது வயதிலும் மறக்கவில்லை.

அதற்குப் பிறகு ஆர்தரின் உடல் மாறுவதை விளையாட்டு ஒளிக்கவில்லை. கண்கள் சிவக்கின்றன, கன்னம் ஒட்டுகிறது, எவ்வளவு சாப்பிட்டாலும் எடை ஏறுவதில்லை, சண்டைக்கு நடுவே இருமல் வந்து அவனைக் குனியவைக்கிறது. ரயில் நிலையத்தில் ஒரு கன்னியாஸ்திரியின் அருகே உட்கார்ந்து தனக்குப் பயமாக இருக்கிறது என்று அவன் ஒப்புக்கொள்ளும் காட்சியைப் போல அடங்கிய குரலில் எழுதப்பட்ட ஒன்றை நான் வேறெந்த விளையாட்டிலும் கண்டதில்லை. ஆறாம் அத்தியாயத்தில் ஸ்ட்ராஸ் மறுபடியும் அவனை வசூலுக்கு அனுப்புகிறான். கடனாளி இறந்துபோய் மனைவி நிற்கும் வீட்டில் ஆர்தர் கடனை வாங்காமல், தன் பணத்தைக் கொடுத்துவிட்டு வருகிறான். கடைசியில் ஸ்ட்ராஸையே முகாமிலிருந்து துரத்துகிறான். இவை கட்டாயமான மிஷன்கள் (விளையாட்டு நமக்குத் தரும் பணிகள்) அல்ல, தேடிப் போக வேண்டும். தம்பியைப் போல முக்கியக் கதையை மட்டும் பிடித்துக்கொண்டு ஓடுபவர்கள் இவற்றைக் காணாமலே முடித்துவிட்டு, ஆர்தர் திடீரென்று நல்லவனாகிவிட்டான் என்று குறை சொல்கிறார்கள். அந்தக் குறையில் பாதி அவர்களுடையது. மீதிப் பாதி, கதையின் ஆணிவேரை விருப்பப் பாடமாக வைத்த ராக்ஸ்டாருடையது.

அக்கா மகளின் எதிர்ப்பு வேறு வகையானது. உயர்தரம் படிக்கும் அவள், விடுமுறைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து டவுன்ஸை அடிக்கும் காட்சியை யூடியூபில் இன்னொரு முறை பார்த்துவிட்டு, "மாமா, அடிக்கிறதும் விடுறதும் நம்ம கையில இல்லன்னா அது என்ன விளையாட்டு? படமாவே எடுத்திருக்கலாமே" என்றாள். நியாயமான கேள்வி. 2020இல் வந்த தி லாஸ்ட் ஒப் அஸ் பார்ட் 2ஐப் பற்றி விளையாட்டாளர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டையிட்டதும் இதே கேள்வியில்தான்: முதல் பாகத்தின் நாயகனைக் கொன்றவளின் உடம்புக்குள் நம்மை வலுக்கட்டாயமாக இறக்கி, பாதிக் கதையை அவளாக நடக்க வைத்தால், நாம் செய்யாத தெரிவுக்கு நம்மைக் குற்றவாளியாக்க ஆசிரியருக்கு என்ன உரிமை? அக்கா மகள் அந்த விளையாட்டையும் வெறுத்தாள். நான் அங்கே அவள் பக்கம், இங்கே எதிர்ப்பக்கம். லாஸ்ட் ஒப் அஸ் எனக்கு ஒரு பாடத்தைப் படிப்பிக்க முயல்வது தெரிந்துகொண்டேயிருந்தது. ரெட் டெட்டில் பட்டனை அழுத்தி அடித்த அந்த நேரத்தில் எனக்கு எந்தப் பாடமும் தெரியவில்லை. ஒரு வேலையை முடிக்கும் அவசரம் மட்டுமே இருந்தது. வசூல்காரனுக்கும் அப்படித்தான் இருக்கும்.

இவ்வளவு நுட்பமாக எழுதிய கதைக்கு மேல், நன்னடத்தையை அளக்க ஒரு அளவுகோலையும் போட்டு வைத்திருப்பது எனக்குப் புரியாத காரியம். நல்லது செய்தால் வெள்ளைப் பக்கம், கெட்டது செய்தால் சிவப்புப் பக்கம். கதையின் முடிவும் இதைப் பொறுத்தே மாறுகிறது. ஆனால் ஒருவனைக் கொன்றுவிட்டு, நகரத்துக்குள் போய் எதிரே வருகிற ஒவ்வொருவருக்கும் வணக்கம் வைத்துக்கொண்டே நடந்தால் இழந்த நற்பெயர் மெல்ல மெல்லத் திரும்பிவிடும். ஆற்றில் பிடித்த மீனைத் திருப்பி விட்டாலும் ஏறும். தேர்தல் காலத்தில் தோட்டத்துக்கு வருகிறவர்கள் எங்கே பயிற்சி எடுக்கிறார்கள் என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது.

என் மிகப் பெரிய ஏமாற்றம் ஐந்தாம் அத்தியாயம். செயின்ட் டெனிஸில் வங்கிக் கொள்ளை கெட்டுப்போய், தப்பியோடிய கப்பலும் உடைந்து, ஆர்தரும் டச்சும் இன்னும் சிலரும் குவார்மா என்ற கரீபியன் தீவில் ஒதுங்குகிறார்கள். அது கரும்புத் தோட்டத் தீவு. தொழிலாளர்கள் சங்கிலியோடு நடத்திச் செல்லப்படுகிறார்கள்; தோட்டத்தை ஒரு படைத் தளபதி தன் ஆட்களின் துப்பாக்கியால் ஆள்கிறான். விளையாட்டு வரலாற்றில் தோட்டத் தொழிலாளரின் வாழ்வு திரைக்கு வந்த அபூர்வமான இடங்களில் இது ஒன்று என்று நினைத்து நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆனால் அந்த மனிதர்களில் கலகக்காரன் ஒருவனைத் தவிர வேறு எவருக்கும் நம் நினைவில் நிற்கும்படியான பெயரோ முகமோ கிடைப்பதில்லை. அவர்கள் எங்கிருந்து கொண்டுவரப்பட்டார்கள், என்ன கூலி, எங்கே படுக்கிறார்கள் என்று எதுவும் இல்லை. வலன்டைனில் ஒரு முடிவெட்டுபவனுக்குக் கொடுத்த கவனம்கூட அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை. சில மிஷன்களில் ஏராளமான சிப்பாய்களைச் சுட்டுத் தள்ளிவிட்டு, கப்பலேறித் திரும்பிவிடுகிறோம். அதன் பின் அந்தத் தீவுக்குப் போக வழியே இல்லை. பெரும்பாலான விமர்சகர்களும் குவார்மாவைக் குறை சொல்கிறார்கள், ஆனால் அவர்களுக்கு அது கதையை இழுத்தடிக்கும் இடம். எனக்கோ அது போதாமல் போன இடம். ஒரு குதிரையின் வியர்வையையும் சாணத்தையும் இவ்வளவு உண்மையாகக் காட்ட உழைத்தவர்கள் ஒரு கரும்பு வெட்டுபவனின் கையை அருகே போய்ப் பார்க்கவில்லை.

மிஷன்களின் வடிவமைப்பைப் பற்றி எல்லோரும் சொல்லும் குறை உண்மையே. வெளியே பரந்த உலகம், எங்கு வேண்டுமானாலும் போகலாம். மிஷன் தொடங்கிவிட்டால் கணக்குப்பிள்ளை பின்னால் நிற்பது போல. காட்டிய பாதையை விட்டுச் சற்று விலகினாலும் தோல்வி என்று எழுதி மறுபடி தொடங்கச் சொல்கிறது. எதிரியைப் பின்பக்கமாக வளைத்துப் பிடிக்கலாம் என்று நான் மலைச்சரிவில் சுற்றிப் போன இரண்டு முறையும் தண்டனை கிடைத்தது. சுடும்போது ஆர்தரின் உடல் சற்றுத் தாமதித்தே நகர்வதும் பழகும்வரை எரிச்சல் தரும்.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில நடைமுறை விவரங்களைச் சொல்ல வேண்டும். பிளேஸ்டேஷன் 4 பதிப்பில் இரண்டு வட்டுகள் உண்டு; ஒன்று தரவுகளை நிறுவுவதற்கு, மற்றது விளையாடுவதற்கு. பழைய வட்டு வாங்கும்போது பெட்டியைத் திறந்து இரண்டும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். எனக்கு முதலில் விற்றவர் விளையாடும் வட்டை மட்டும் கொடுத்துவிட்டு, இவ்வளவுதான் வரும் என்று சாதித்தார். மற்றதை வாங்க இரண்டு தடவை பஸ் ஏற வேண்டியிருந்தது. எங்கள் பக்கத்து இணைய வேகத்தில், மாத டேட்டா பொதியில், இதை முழுவதுமாகத் தரவிறக்கும் எண்ணத்தை விட்டுவிடுவதே நல்லது. கணினியில் விளையாடுவதென்றால் 150 ஜிகாபைட் இடமும், குறைந்தது 8 ஜிகாபைட் ரெமும், தனியான கிராபிக்ஸ் அட்டையும் வேண்டும். அலுவலகங்கள் கழித்துவிட்ட மடிக்கணினிகளில் இதை ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மின்சாரம் இன்னொரு சிக்கல். மிஷனுக்கு நடுவே நாமாகச் சேமிக்க முடியாது. காற்றுக் காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் போனால் அந்த மிஷனை ஆரம்பத்திலிருந்தே விளையாட நேரும். நான்கு மாதங்களில் எனக்கு ஐந்து தடவை அப்படி நடந்தது. அதில் ஒன்று, முக்கால் மணிநேரம் ஊர்ந்து ஊர்ந்து முடித்த மிஷன். சிறிய யுபிஎஸ் ஒன்றை வாங்கி வைத்தால் இயந்திரத்தை ஒழுங்காக அணைக்கவாவது நேரம் கிடைக்கும்.

தமிழிலோ சிங்களத்திலோ வசனவரிகள் இல்லை. ஆங்கில வசனவரிகள் உண்டு என்றாலும், பேச்சு அந்தக் காலத்து அமெரிக்க நாட்டுப்புறப் பேச்சு. பாடப்புத்தக ஆங்கிலம் படித்தவர்களுக்கு முதல் பத்து மணிநேரம் கஷ்டமாக இருக்கும். எங்கள் 32 அங்குலத் தொலைக்காட்சியில், கட்டிலில் இருந்து பார்க்கையில், எழுத்து எறும்பு போலத் தெரிந்தது. பிறகு நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டேன். வன்முறையும் இரத்தமும் நிறைய உண்டு. பெரியவர்களுக்கான விளையாட்டு இது, சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அவர்கள் உறங்கிய பின் விளையாடுங்கள். ஐம்பது மணிநேரம் ஒதுக்க முடியாதவர்களுக்கு, ஓரிரு மணிநேரத்தில் முடியும் 'வெண்பா' என்ற விளையாட்டைச் சொல்வேன். டொரொன்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்டது, 1980களில் கனடாவுக்குப் போன தமிழ்க் குடும்பமொன்றின் சமையலறைக் கதை. அதில் இட்லித் தட்டுகளைச் சரியாக அடுக்கும் புதிரைத் தம்பி இரண்டு முறை பிழைவிட்டதை அம்மா இன்னும் சொல்லிக் காட்டுகிறார்.

கடைசியாகப் பின்கதை. 1907ஆம் ஆண்டு. ஆர்தர் இல்லை, அவன் உயிரைக் கொடுத்துத் தப்பவைத்த ஜோன் மார்ஸ்டனை நாம் இயக்குகிறோம். துப்பாக்கியைத் தூக்கி வைத்துவிட்டு, ஒரு பண்ணையில் சாணம் அள்ளுகிறான், பால் கறக்கிறான், வேலி போடுகிறான். தம்பி மறுபடியும் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இப்ப கொந்தரப்பு வேலையா?" என்று கேட்டுவிட்டுப் போனான். பெரிய ஓட்டத்துக்குப் பிறகு இந்தப் பகுதி நீளம் என்று விளையாட்டாளர்கள் பலர் சொல்வதை ஏற்கிறேன். முதல் தடவை எனக்கும் கொட்டாவி வந்தது. ஆனால் மனைவி கோபித்துக்கொண்டு பிள்ளையோடு போய்விட, ஜோன் வங்கிக்குப் போய்க் கடன் எடுத்து, பீச்சர்ஸ் ஹோப் என்ற தரிசு நிலத்தை வாங்குகிறான். இந்தக் கதையில் கடனாளியின் நாற்காலியில் முதன்முறையாக நாமே உட்கார்கிறோம். பிறகு இரண்டு கூட்டாளிகளோடு சேர்ந்து, பலகை பலகையாக, ஆணி ஆணியாக, தன் கையால் வீடு கட்டுகிறான். ஆணி அடிப்பதற்கு நாமும் தாளம் தவறாமல் பட்டனை அழுத்த வேண்டும்.

அன்று அம்மா அரிசி முறத்தைக் கீழே வைத்துவிட்டு, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, அத்திவாரத்திலிருந்து கூரை வரை முழுவதையும் பார்த்தார். புது வீட்டுத் திட்டத்தில் எங்களுக்கும் 7 பேர்ச் நிலம் என்று பெயர் எழுதிக்கொண்டு போய் எட்டு ஆண்டுகளாகின்றன. காணி உறுதி இன்னும் கைக்கு வரவில்லை.

"பேங்க்ல கடன் எடுத்தா காணி வாங்குனான்?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

"எத்தன பேர்ச்?"